அடுப்படியில் அரைத்ததும் ஆலையில் அரைத்ததும்

(பங்குனி மாதம் காரைக்குடியில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

இன்றைக்கு எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் நம் ஊர்ப் பெயர் பொட்டலமாகத் தொங்குகிறது. செட்டிநாடு மசாலா, செட்டிநாடு சிப்ஸ், செட்டிநாடு நூடுல்ஸ். அந்தப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் மசாலாவுக்கு மணம் தரும் கல்பாசி இருக்கிறதா என்று தேடுங்கள். மராட்டி மொக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். உப்பு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று எண்ணுங்கள். இன்று நான் சொல்ல வந்தது முழுக்க அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான்.

இயற்கை உணவு என்றால் பதப்படுத்தாத உணவு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் செட்டிநாட்டுச் சமையலில் இயற்கை உணவு என்று எதுவுமே மிஞ்சாது. ஆட்டுக்கல், அம்மி, உரல், திருவை இத்தனையும் எதற்கு இருந்தன? நெல்லை அவித்தோம், குத்தினோம், புடைத்தோம். உளுந்தை அரைத்துப் புளிக்க வைத்தோம். மிளகாயை மோரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தோம். எள்ளைச் செக்கில் ஆட்டினோம். எல்லாமே பதப்படுத்தல்தான். ஆகவே ‘பதப்படுத்தியதா, இல்லையா’ என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதிலிருந்து எதைக் கழித்தார்கள்? எதைச் சேர்த்தார்கள்? எதற்காகச் செய்தார்கள்? நாலு மாதம் கெடாமல் இருக்க மிளகாயில் உப்பைச் சேர்த்தாள் அப்பத்தா. அந்த உப்பு அவள் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் தெரிந்தது. ஆலையில் சேர்வது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறிய எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொண்டேரோவும் அவருடைய குழுவினரும் 2009-இலிருந்து உணவைப் பதப்படுத்தும் அளவை வைத்து வகைபிரித்துச் சொல்லி வருகிறார்கள்; இப்போது அது நான்கு வகை. முதல் வகை அரிசி, பருப்பு, காய், மீன், முட்டை, பால். இரண்டாவது வகை அவற்றைச் சமைக்கப் பயன்படும் எண்ணெய், உப்பு, வெல்லம். முதலிரண்டையும் சேர்த்து உண்டாக்கும் ஊறுகாய், கருவாடு போன்றவை மூன்றாவது வகை. நான்காவதுதான் இன்று பேச வேண்டியது. எந்த வீட்டு அடுப்படியிலும் இருக்க முடியாத பொருள்களைக் கொண்டு ஆலையில் வடிவமைக்கப்படும் பண்டங்கள் அவை. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, இன்வர்ட் சிரப் என்ற சர்க்கரைப் பாகு, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைக்கும் எமல்சிஃபையர், செயற்கை மணம் என்று பட்டியல் நீளும்.

இந்த நான்காம் வகை என்ன செய்கிறது என்பதை 2019-இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்பது விதி. ஆலை உணவு தின்ற நாள்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ எடை ஏறியது. இயல்பான உணவில் அதே அளவு இறங்கியது. வேகமாகத் தின்றதும் அங்கே பதிவாகியிருக்கிறது. மெல்லும் வேலை குறைந்த உணவு, வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. பிள்ளைக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று திட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துப் பாருங்கள்.

இனி அரிசிக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நூறு கிலோ நெல்லில் உமி ஏறத்தாழ 20 கிலோ. அதற்கு அடியில் தவிடு 8 முதல் 10 கிலோ. உமியைத் தின்ன முடியாது, கழிக்கத்தான் வேண்டும். தவிட்டையும் முளையையும் கழிப்பது வெண்மைக்காகவும் நாள்பட வைத்திருப்பதற்காகவும். தயமின் என்ற பி1 உயிர்ச்சத்தில் பெரும்பகுதி அந்தத் தவிட்டோடு போய்விடுகிறது. ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890-களில் கண்டார். அதற்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றார். நம் குன்னூரில் 1918-இல் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய ஆய்வும், இந்தச் சத்துக் குறைவால் மனிதருக்குக் கால் தளரும் பெரிபெரி நோயைப் பற்றியதுதான். அந்த அறைதான் வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

இங்கே நம் புழுங்கலரிசியின் சிறப்பைச் சொல்லியாக வேண்டும். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி உயிர்ச்சத்து நீரோடு கரைந்து அரிசியின் உட்புறத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பச்சரிசியை வெள்ளையாகத் தீட்டித் தின்ற பகுதிகளில் பெரிபெரி வாட்டியபோது, புழுங்கலரிசி தின்ற தமிழ்நாட்டுப் பகுதிகள் பெரும்பாலும் தப்பியதற்கு இதுவே காரணம். அவித்தலும் பதப்படுத்தல்தான், ஆனால் சத்தை உள்ளே தள்ளும் பதப்படுத்தல். எனவே கைக்குத்தல் அரிசி கிடைக்கவில்லையே என்று ஏங்குகிறவர்கள், குறைவாகத் தீட்டிய புழுங்கலரிசியிலிருந்து தொடங்கினால் போதும். அதையும் ஐந்து முறை அலசாமல் இரண்டு முறை அலசுங்கள். இரண்டாம் கழுநீரை மண்டி என்ற புளிக்குழம்புக்கு எடுத்து வையுங்கள். வெண்டைக்காய் மண்டியும் மொச்சை மண்டியும் கழுநீரில் வைக்கிற வழக்கம், சத்தை வீணாக்காத வழக்கம்.

கவுனி அரிசியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பர்மாவோடு நகரத்தாருக்கு இருந்த வணிகத் தொடர்பால் இந்த வட்டாரத்தில் நிலைத்த அரிசி அது. கருநிறம் முழுவதும் மேல்தோலில் இருக்கிறது. நாவற்பழத்தில் இருப்பது போன்ற ஆந்தோசயனின் நிறமி. தண்ணீரில் போட்டதும் சாயம் இறங்குகிறதே, போலியோ என்று அஞ்ச வேண்டாம், நல்ல கவுனியிலும் நிறம் இறங்கும். ஒரு மணியைக் கடித்து உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக இருந்தால் இயல்பு. உள்ளுக்குள்ளும் ஒரே கறுப்பாக இருந்தால் வாங்காதீர்கள்.

சமைக்கும் முறை இது. 200 கிராம் கவுனியை இரண்டு முறை விரைவாக அலசி, மூன்று மடங்கு தண்ணீரில் 10 முதல் 12 மணி நேரம் ஊறப்போடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே வேகவையுங்கள். குக்கரில் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம். வேகவில்லை, ரப்பர் மாதிரி இருக்கிறது என்று புகார் சொல்பவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, ஊறவைத்தது போதாமை. இன்னொன்று, இனிப்பை முந்திச் சேர்ப்பது. சர்க்கரை சேர்ந்தபின் அரிசி தண்ணீரை ஏற்காது. அதற்குமேல் எத்தனை விசில் வைத்தாலும் அப்படியேதான் நிற்கும். விரலால் நசுக்கினால் மாவாகப் போகிற பதம் வந்தபிறகே இனிப்பு, தேங்காய்ப்பூ, நெய். தவிட்டோடு இருக்கும் எந்த அரிசியும் விரைவில் சிக்குவாடை பிடிக்கும், ஏனென்றால் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு சொல். கவுனியும் அரிசிதான். நார் கூடுதலாக இருப்பதால் அளவில்லாமல் தின்னலாம் என்று பொருளில்லை. கருப்பட்டிக்கும் இதையே சொல்வேன். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்பு உண்டு, ஆனாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரையே. ‘இயற்கை’ என்ற சொல்லை நம்பி இன்சுலின் போடுகிறவர் கருப்பட்டியில் கிண்டிய கும்மாயத்தை இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் இரத்தம் அந்த வேறுபாட்டைப் பார்க்காது. வெல்லம் வாங்கும்போது பொன் நிறத்தைத் தேடாதீர்கள். ஹைட்ரோஸ் என்று சந்தையில் சொல்லும் வெளுப்பு மருந்து போட்டால் அந்த நிறம் எளிதில் வரும். கறுத்த வெல்லமே மேல். எதுவானாலும் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், மண் அடியில் நிற்கும்.

எண்ணெய்க் கதை இன்னும் கூர்மையானது. ஆலையில் பல எண்ணெய் வித்துகளை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்துக் கடைசிச் சொட்டு வரை எடுக்கிறார்கள். பிறகு பிசின் நீக்கி, எரிசோடா போன்ற காரம் போட்டுப் புளிப்பு நீக்கி, களிமண்ணால் வெளுத்து, 200 பாகைக்கு மேல் நீராவி பாய்ச்சி மணத்தைப் போக்குகிறார்கள். ரீஃபைண்ட் என்பதன் பொருள் இதுதான். கிடைப்பது நிறமும் மணமும் இல்லாத, நாள்படக் கெடாத எண்ணெய். எள்ளுக்குரிய மணமும் காப்புப் பொருள்களில் ஒரு பங்கும் அதில் போயே போயின.

செக்கெண்ணெய்க்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அதிலும் பிழை நேரும். நிலக்கடலைப் பருப்பில் பூஞ்சை பிடித்த சொத்தை மணிகள் இருந்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அதில் இருக்கலாம். சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும்; செக்கில் அப்படி நீங்காது, ஒரு பங்கு எண்ணெயோடு வரும். எனவே செக்குக்குக் கொண்டுபோகும் கடலையைச் சுளகில் போட்டுப் புடைத்து, சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூஞ்சணம் படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல் காட்டினால் செக்கெண்ணெய் என்ற பெயரால் பயனில்லை.

ஆட்டிக் கொண்டுவந்த எண்ணெய் கலங்கலாக இருக்கும். வாயில் துணி கட்டி ஓரிரு நாள் வெயிலில் வையுங்கள், ஈரம் போகும், கசடு அடியில் தங்கும். தெளிந்ததை மட்டும் எவர்சில்வர் தூக்கிலோ பீங்கான் ஜாடியிலோ ஊற்றி இருட்டில் வையுங்கள். அதற்கு மேலும் வெயிலில் வைத்தால் வெளிச்சமே எண்ணெயைக் காறச் செய்யும். வாணலியில் காயும்போது படபடவென்று வெடித்தால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று அறியுங்கள், அது முதலில் கெடும்.

விலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வித்து வேண்டும். சந்தையில் இரண்டரைக் கிலோ எள் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தும், ஒரு லிட்டர் எண்ணெய் அந்த விலைக்கு வெகுவாகக் கீழே கிடைத்தால், அதில் வேறேதோ சேர்ந்திருக்கிறது என்று எண்ணுவதில் தவறில்லை.

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம், எண்ணெயில் காய்ச்சக் காய்ச்சச் சேரும் சிதைவுப் பொருள், அதாவது மொத்த முனைவுச் சேர்மம், 25 விழுக்காட்டைத் தாண்டினால் அது உண்ணத் தகாது என்று 2018-இலிருந்து வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் கருவி வேண்டாம். நுரை அடங்காமல் நின்றாலும், நிறம் கறுத்து இழுவையாக ஆனாலும், அது முடிந்துபோன எண்ணெய். ஒருமுறை பலகாரம் சுட்டதை வடிகட்டி இரண்டு நாளுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள்.

மசாலாவுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். மல்லி 100 கிராம், குண்டு மிளகாய் 40, மிளகு 20, சோம்பு 20, சீரகம் 15, பட்டை 5, கிராம்பு, ஏலக்காய், கல்பாசி, மராட்டி மொக்கு தலா 3, எல்லாம் கிராம் கணக்கு; அன்னாசிப்பூ மட்டும் இரண்டு பூ. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, குறைந்த தீயில் வறுங்கள். சேர்த்துப் போட்டால் மல்லி சிவப்பதற்குள் சீரகம் கரிந்து கசக்கும். கல்பாசியில் மரப்பட்டைத்தூள் ஒட்டியிருக்கும். உதறிச் சுத்தம் செய்து கடைசியில் போட்டு உடனே எடுங்கள். முழுக்க ஆறியபின் அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி உள்ளேயே நின்று கட்டி தட்டும், பூஞ்சை வரும். ஒரு மாதத்துக்கு உள்ளது மட்டும் போதும். இந்தப் பொடியில் வைத்த குழம்பு பழுப்பாகத்தான் இருக்கும். செட்டிநாட்டுக் குழம்பு என்றால் இரத்தச் சிவப்பு என்று யாரோ பழக்கிவிட்டார்கள். அந்தச் சிவப்புக்குச் சாயம் வேண்டும், நம் குழம்புக்கு வேண்டாம்.

கடையில் மிளகாய்த்தூள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். நீரில் கரையும் சாயம் கலந்திருந்தால் உடனே சிவப்புக் கோடு கோடாகக் கீழே இறங்கும்.

இப்போது பின்னட்டை. சேர்மானப் பட்டியலை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கேழ்வரகு பிஸ்கட் என்று முன்னட்டையில் கதிர் படம் போட்டிருக்கும். பின்னால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில், அதற்கும் பின்னால் கேழ்வரகு மாவு சில விழுக்காடு என்று இருந்தால், உங்கள் கையில் இருப்பது மைதா பிஸ்கட். சர்க்கரையை மூன்று நான்கு பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப் எல்லாவற்றையும் கூட்டிப் படியுங்கள். பழுப்பு ரொட்டியில் காரமெல், அதாவது 150 என்ற எண் இருந்தால், அந்த நிறத்தில் ஒரு பங்கு கோதுமைத் தவிட்டினுடையது இல்லை.

எண்களைக் கண்டு ஒட்டுமொத்தமாக மிரளவும் வேண்டாம். 330 என்பது எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். 300 என்பது வைட்டமின் சி. 500 சோடா உப்பு வகை. 102, 110 என்றால் செயற்கை மஞ்சள் சாயங்கள். 211 சோடியம் பென்சோயேட். 319 எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்ப்பது. 621 மோனோசோடியம் குளுட்டமேட். எல்லாம் அரசு விதி வகுத்து அனுமதித்தவையே. ஒன்றிரண்டு இருப்பதை வைத்து நஞ்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பண்டத்தில் சாயமும் மணமும் சுவைகூட்டியும் மூன்றுமே வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்றால், அதன் மூலப்பொருளில் அவை மூன்றும் இல்லை என்றுதானே பொருள்?

உப்புக் கணக்கு எளிது. சோடியம் என்று போட்டிருக்கும் மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் சோடியம் 800 மி.கி. என்றால் உப்பு 2 கிராம். உலக நலவாழ்வு அமைப்பு ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் சொல்லும் வரம்பு 5 கிராமுக்குள். சர்க்கரைக்கு 4 கிராம் ஒரு தேக்கரண்டி என்று எண்ணுங்கள். ‘ஒரு பரிமாறல்’ என்று 20 கிராமுக்குக் கணக்குப் போட்டு, பொட்டலம் 60 கிராமாக இருக்கும். மூன்றால் பெருக்க மறக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கலக்கும் மால்ட் பொடியிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்பதற்கு நம் உணவுச் சட்டத்தில் விளக்கமே இல்லை என்று கூறி, இணையக் கடைகள் அந்தத் தலைப்பின்கீழ் இவற்றை விற்கக் கூடாது என 2024 ஏப்ரலில் மத்திய அரசே அறிவுறுத்தியது.

கடையில் வாங்குவதெல்லாம் தவறு என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். அவல், கேழ்வரகு மாவு, காய்ச்சிக் குளிரூட்டிய பாக்கெட் பால், தயிர், உறைய வைத்த பட்டாணி தாராளமாக வாங்கலாம். அயோடின் உப்பை விட்டுவிட்டு வெறும் இந்துப்புக்கு மாறாதீர்கள். முன்கழுத்துக் கழலையைத் தடுப்பதற்காகச் சேர்த்த அயோடின் அது. சேர்ப்பதிலும் நல்ல சேர்ப்பு உண்டு.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. அந்தச் சுமையை அவர்கள் தலையில் மட்டும் ஏற்றுவதும் நியாயமில்லை. சுளகும் அரிவாள்மணையும் ஆண்கள் கைக்கும் பழகும். முதலில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், மாலைத் தீனியை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை இவற்றில் ஒன்றை 150 கிராம் காலையில் ஊறப்போட்டால் மாலையில் நாலு பேருக்குச் சுண்டல். புளிப்பு எதுவானாலும் வெந்தபின் சேருங்கள், முன்னால் சேர்த்தால் தோல் இறுகிவிடும். கொய்யாவைச் சாறு பிழியாமல் கடித்துத் தின்னக் கொடுங்கள்; வடிகட்டியில் தங்கிப்போகும் நார்தான் வயிற்றை நிறைப்பது.

பங்குனி வெயில் தொடங்கிவிட்டது, சித்திரை முழுக்க இருக்கிறது. வளவு முற்றத்திலும் மொட்டைமாடியிலும் வற்றல் போட இதுதான் காலம். மோர் மிளகாய்க்கு ஒரு கிலோ மிளகாயைக் காம்போடு கழுவி, ஈரம் போகத் துடைத்து, நுனியில் கீறுங்கள். ஒரு லிட்டர் புளித்த தயிரைக் கடைந்து 100 கிராம் உப்புப் போட்டு அதில் ஊறவிடுங்கள். இரண்டு நாள் ஊறியபின் பகலில் எடுத்து வெயிலில் பரப்புங்கள், இரவில் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுவதும் இழுத்துக்கொள்ளும்வரை இப்படியே செய்யுங்கள். அதன்பின் நாலைந்து நாள் வெறும் வெயில். குலுக்கினால் கலகலவென்று விதை சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, ஆவணி மழையில் பூஞ்சை பிடிக்கும். உப்பு மிகுந்த பண்டம், இரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். இதே முறையில் சுண்டைக்காய் வற்றல் போடும்போது, காயைத் தட்டிப் போட்டால்தான் மோர் உள்ளே இறங்கும்; கல்லால் மெல்லத் தட்டினால் போதும், சிதைந்தால் விதை உதிர்ந்துவிடும்.